ஊர் தெற்கே காத்திருந்தது... பேராயர் வடக்கே வந்தார்!

அந்தக் கிராமத்துக்குச் சாலை கிடையாது. ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். தெற்குப் பக்கமாகவும் கரையேறலாம், வடக்குப் பக்கமாகவும் கரையேறலாம். பேராயர் தெற்கு வழியாகத்தான் வருவார் என்று சபையார் தீர்மானித்துவிட்டார்கள். மேளம், வாணவேடிக்கை, மாலை, பழங்கள், சிலம்பம் என ஊரே தெற்கு எல்லையில் திரண்டு நின்றது.

பேராயரோ வடக்கே கரையேறினார். அங்கே அவரை வரவேற்றவை சில ஆடுகளும் கோழிகளும்தான்!

விஷயம் தெரிந்ததும் ஊர் பதறிப்போனது. பேராயர் சற்று நேரம் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி நின்றார். மொத்தக் கூட்டமும் அப்படியே திரும்பி வடக்கு நோக்கி அணிவகுத்தது. அதன் பிறகு, அப்போதுதான் வந்தவர்போல முறைப்படி வந்து சேர்ந்தார்.

அந்தப் பேராயர் லெஸ்லி நியூபிகின். 1965 முதல் 1974 வரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்தவர். தன் பேராயத்துக் கிராமம் ஒன்றில் நடந்த இந்தச் சம்பவத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் மேடைகளில் சொல்வார். மனந்திரும்புதல் என்றால் என்ன என்று விளக்குவதற்கு. 'செய்த தவறை நினைத்து அழுவது' என்றுதான் பலரும் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்கிறார்கள். நியூபிகின் சொன்னதோ எளிமையானது: வருகிறவர் ஒரு பக்கம் வருகிறார், நீங்கள் வேறு பக்கம் பார்த்து நிற்கிறீர்கள், கொஞ்சம் திரும்புங்கள். தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே 'திரும்பு' இருப்பதால், நம் ஊர் வாசகருக்கு இது இன்னும் சுலபமாகப் பிடிபடும்.

மயிலாப்பூர் கடற்கரைப் பக்கத்திலிருந்து ராதாகிருஷ்ணன் சாலை வழியாக நேரே மேற்கே போனால், அது கதீட்ரல் சாலையாகப் பெயர் மாறும். அந்தப் பெயருக்குக் காரணமான செயின்ட் ஜார்ஜ் பேராலயம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1816-ல் அர்ப்பணிக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம். உயர்ந்த தூண்களும் ஊசிக் கோபுரமும் கொண்டது. 1947 செப்டம்பர் 27 அன்று இங்கேதான் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் என்று தனித்தனியாக நடந்துவந்த சபைகள் ஒன்றாகின. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அன்று மதுரை - ராமநாதபுரத்துக்குப் பேராயராக அபிஷேகம் பெற்ற நியூபிகினுக்கு வயது 37.

அதற்கு முன்பே தமிழ் அவருக்குப் பழகியிருந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியராக 1936-ல் மனைவி ஹெலனோடு சென்னைக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே பேருந்து விபத்தில் கால் நொறுங்கிப்போனது. சிகிச்சைக்காக ஊர் திரும்பி, 1939-ல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் தங்கினார். அங்கே ராமகிருஷ்ண மடத்தில் வாரம் ஒருமுறை தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதமும் மறுவாரம் யோவான் சுவிசேஷமுமாக இந்து நண்பர்களோடு சேர்ந்து படித்தார். இரு தரப்பும் ஒளிவுமறைவில்லாமல் வாதிட்ட கூட்டம் அது. எந்த மதத்தவருக்கும் இன்று இப்படி உட்கார்ந்து பேசப் பொறுமை இருக்குமா என்பது வேறு விஷயம்.

மீண்டும் ஒரு வெள்ளைக்காரரா?

1965-ல் சென்னைப் பேராயத்துக்கு அவர் வந்தபோது ஒரு சங்கடமும் கூடவே வந்தது. அவருக்கு முன் இருந்த டேவிட் செல்லப்பா, சென்னையின் முதல் இந்தியப் பேராயர். 1955-ல் பொறுப்பேற்று 1964-ல் பணியில் இருக்கும்போதே காலமானார். சுதந்திரம் கிடைத்து 18 ஆண்டுகள் கழித்து, ஓர் இந்தியர் அமர்ந்த நாற்காலியில் மறுபடியும் ஓர் ஐரோப்பியரா? அதுவும் மொழிப் போராட்டத்தால் தமிழகம் கொதித்த அதே ஆண்டில்! இரண்டே ஆண்டுகளில் ஆட்சியும் மாறியது. 1969-ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது.

அந்தச் சூழலில் தமிழில் பிரசங்கம் செய்யத் தெரிந்திருந்தது அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் தமிழ் பேசினால் மட்டும் போதுமா? அவர் சபைகளின் முன் வைத்த கேள்வி வேறு மாதிரியானது.

சென்னையில் ஒரு சபைக்குப் புது ஆயர் வருகிறார் என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்பது சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆயர் இல்லத்துக்கு வெள்ளையடிப்பார்கள். சாமான்கள் லாரியில் வந்து இறங்கும். பொறுப்பேற்பு ஆராதனை, பொன்னாடை, பிரியாணி. அடுத்த வாரமே எதிர்பார்ப்புகளின் பட்டியல் தயாராகிவிடும். வீடு சந்திக்க வருவாரா? பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிப்பாரா? பாடகர் குழுவோடு ஒத்துப்போவாரா? கமிட்டியில் யார் பக்கம் சாய்வார்? எல்லாமே சபைக்குள் இருப்பவர்களின் கேள்விகள்தான். சுற்றுச்சுவருக்கு வெளியே இருக்கிறவர் இந்தப் பட்டியலில் அபூர்வமாகத்தான் வருவார்.

நியூபிகின் அந்தப் பட்டியலைத் திருப்பிப் போட்டார். சபை என்பது அதன் உறுப்பினர்களுக்காக மட்டும் நடக்கும் சங்கம் இல்லை. அது எந்தத் தெருவில் நிற்கிறதோ, அந்தத் தெருவில் வாழும் எல்லோருக்காகவும் இருப்பது என்றார். குடிசைப் பகுதியில் இருப்பவரும் சேகரத்து எல்லைக்குள்தான் இருக்கிறார், அவர் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டாலும். நகரத்து ஆயர்களை மாதந்தோறும் கூட்டி இதைப் பற்றித் தொடர்ந்து பேசினார். அந்த உரைகள் பின்னர் 'நல்ல மேய்ப்பன்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன. அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் சபையார் பார்க்கும் வேலையும் ஊழியம்தான் என்பது அவர் விடாமல் சொன்ன இன்னொன்று.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இறையியல் தேவையில்லை. அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதிகளில் நீர்மோர் பந்தல் போடுகிறவர், தாகத்தோடு வருகிறவரிடம் ஊர், பெயர் கேட்பதில்லை. ஆனால் விழா ஒரு நாள். மீதி 364 நாளும் பந்தல் போடுவது எப்படி என்பதுதான் சபைகளுக்குக் கஷ்டமான பகுதி. கிறிஸ்துமஸுக்குச் சேலை, பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் என்று கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது சுலபம். வாங்குகிறவரை ஆலயத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது அத்தனை சுலபம் இல்லை.

அதற்குக் காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாதி. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே, தென்னிந்தியச் சபைகளுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர் முதலான இடங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினார்கள். கிராமத்து ஆலய வாசலில் நின்று பிரசங்கித்த அனுபவத்தைப் பற்றி நியூபிகின் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. நடுவில் தரையில் சபையார் அமர்ந்திருப்பார்கள். சுற்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் வட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். தன் பேச்சை அந்த வட்டம் நம்புமா என்பது தன் கையில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நடுவில் அமர்ந்திருப்பவர்களிடையே பழைய பிரிவினைகள் உடைந்திருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்கள் நம்புவார்கள்.

பிடி அரிசியில் நடந்த பணி

'மிஷன்' என்றாலே வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு ஆள் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அது நியூபிகின் வருவதற்கு வெகு காலம் முன்பே, தமிழர் கையாலேயே உடைந்துபோயிருந்தது. அந்தக் கதையிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ்.அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் தமிழகக் கரைக்கு ஊழியர்களை அனுப்புவதை அறிந்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி அவரை விடவில்லை.

அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12 அன்று, திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதே. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களிடம் இருந்தது. அப்படிப்பட்ட கைகளின் பலத்தில்தான் ஊழியர்கள் அன்றைய நிஜாம் ராஜ்ஜியத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். பின்னாளில் அசரியாவே அங்கே போய்த் தெலுங்கு மக்களோடு வாழ்ந்தார். 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், 1965-ல் வந்த வெள்ளைக்காரப் பேராயர் புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை. தூரத்துத் தோர்ணக்கல்லுக்குக் கொடுத்த அதே கையை, அடுத்த தெருவுக்கும் நீட்டச் சொன்னார். சொல்லப்போனால் தூரத்துக்குக் கொடுப்பது எளிது. அடுத்த தெருக்காரர் நாளைக்கும் வாசலில் வந்து நிற்பார்!

1974-ல் நியூபிகின் ஓய்வுபெற்றார். அடுத்துப் பொறுப்பேற்றவர் சுந்தர் கிளார்க். இந்தியச் சபை இந்தியத் தன்மையோடே இருக்க வேண்டும் என்று புத்தகமே எழுதியவர். நியூபிகினும் ஹெலனும் விமானம் ஏறவில்லை. இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப்பையுமாக, கிடைத்த பேருந்துகளில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே ஒரு பழைய ஆலயம். சபையில் எஞ்சியிருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது நியூபிகின் எதிர்த்தார். 1980-ல், 70 வயதில், தானே அதன் ஆயராகப் பொறுப்பேற்றார். இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஆயரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஆங்கிலேயர் வீடுகளில் பெரும்பாலும் கதவு சாத்தப்பட்டது. ஆசியாவிலிருந்து குடியேறியவர்களின் வீடுகளில், பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்தார்கள்.