நாலு பேர் பாடினா அஞ்சாவது குரல் கேட்குமா? 'பார்பர்ஷாப்' இசையின் கதை

கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை. கோடு போட்ட கோட்டு, வைக்கோல் தொப்பியோடு நாலு பேர் நின்று வெறும் குரலில் பாடுவார்கள். பழைய ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீங்க. இதுதான் அமெரிக்காவின் 'பார்பர்ஷாப் குவார்ட்டெட்'.

மெட்டைப் பாடுபவர் 'லீட்'. அவருக்கு மேலே மெல்லிசாக 'டெனர்', அடியில் கனமாக 'பேஸ்'. மிச்சமிருக்கும் சுரத்தை நிரப்புபவர் 'பாரிடோன்'. அவர் பாடுவதைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது, பாவம்!

சுருதி துல்லியமாகச் சேர்ந்தால், நாலு குரல்களுக்குள்ளும் இருக்கும் மேற்சுரங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். யாருமே பாடாத ஒரு சுரம் மேலே ஒலிப்பது போலக் கேட்கும். பாடகர்கள் இதை 'ரிங்' என்கிறார்கள். நல்லா சுருதி கூட்டின தம்புராவில் காந்தாரம் தானாக எழுமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

சலூனில் பிறந்தது

வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், 19-ம் நூற்றாண்டின் இறுதியில் தென் மாநிலக் கறுப்பின மக்களின் சலூன்களிலும் தெருமுனைகளிலும் செழித்த இசை இது. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கூட சிறுவயதில் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் இப்படி நால்வர் குழுவில் பாடியவர்தான்.

1938 ஏப்ரல் 11. ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் ஓ.சி.கேஷ் என்ற வரி வழக்கறிஞரும், ரூபர்ட் ஹால் என்பவரும் விடுத்த அழைப்பை ஏற்று 26 பேர் ஒரு கிளப்பின் மாடியில் கூடிப் பாடினார்கள். அழிந்துவரும் இந்த இசையைக் காப்பாற்ற அங்கே ஒரு சங்கம் உருவானது.

காப்பாற்றினார்கள், சரி. யாருடைய இசையை?

1941-ல் நியூயார்க் போட்டியில் வென்றது 'கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ்' குழு. நால்வரும் ரயில் நிலைய போர்ட்டர்கள், கறுப்பினத்தவர்கள். தேசியப் போட்டிக்குப் போக சங்கம் அவர்களை அனுமதிக்கவில்லை. நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் இதைக் கண்டித்து சங்கத்திலிருந்தே விலகினார். தடை நீங்கியது 1963-ல்தான்.

பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் 1945-ல் அதே டல்சாவில் 'ஸ்வீட் அடலைன்ஸ்' என்று தனி அமைப்பு தொடங்கிக்கொண்டார்கள். பழைய சங்கம் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்கத் தொடங்கியது 2018-ல். ஆம், 80 வருஷம் கழித்து!

இந்த இசையின் கறுப்பின வேர்களை லின் அபாட் என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளிலிருந்து திரட்டி வெளியிட்டது 1992-ல். இப்போது அந்தச் சங்கமே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.