கவரிங் தோடும் முழங்கால் மூட்டும்

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் படைத்துறை அலுவலகங்களிலும் உழைத்து ஓய்வு பெற்ற நம் பெரியோர்களில், முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற இயலாது வருந்துவோர் பலர். மூட்டு மாற்று அறுவை அவர்களுக்கு வரமாக வாய்த்திருக்கிறது. ஆயினும் உள்ளே வைக்கப்படும் பொருள் யாதெனக் கேட்டறிவோர் மிகச் சிலரே.

தொடையெலும்பின் முனையில் பொருத்தப்படும் பகுதி பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். அதில் நிக்கலும் சிறிது உண்டு. கவரிங் தோடு அணிந்தால் காது புண்ணாகிறது, ஊக்கு பட்ட இடம் அரிக்கிறது என்று சொல்லும் தாய்மார்களை நாம் அறிவோம். பெரும்பாலும் அது நிக்கல் ஒவ்வாமையே. "உடம்புச் சூடு" என்று விளக்கெண்ணெய் தடவி மறந்துவிடுகிறார்கள். மருமகளிடம் நூறு முறை சொன்னதை மருத்துவரிடம் ஒருமுறை சொல்வதில்லை!

அறுவைக்கு முன் சொன்னால், தேவைப்படின் தோல் மருத்துவர் அவ்வுலோக உப்புகளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார். பின்னும் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார். தோல் சிவந்தால் அஞ்சவேண்டா. நிக்கல் ஆகாத பலர் அதே மூட்டுடன் நலமாக நடமாடுகின்றனர். டைட்டானியம் போன்ற மாற்றுப் பொருள்களும் உள்ளன.

அறுவைக்குப் பின் தோன்றும் தடிப்புக்கெல்லாம் உலோகத்தைப் பழிப்பதும் தவறு. பிளாஸ்திரியும் மருந்தும் கூட அரிப்பைத் தரும். காய்ச்சல், சீழ், ஓயாத வலி ஆகியவை கிருமித் தொற்றின் அறிகுறிகளாகலாம். அவற்றை "அலர்ஜி" என்று வீட்டில் வைத்துப் பார்ப்பது பேராபத்து.

உலோகத்தோடு உலோகம் உராயும் இடுப்பு மூட்டின் கதை வேறு. 2010 ஆகஸ்டில் டிபுய் நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உதிர்ந்த கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றுத் தசையைக் கெடுத்து, இரத்தத்திலும் கலந்தன. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. 2018-இல் மத்திய அரசு இழப்பீடு வகுத்தபோது, நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே இயலவில்லை.

மாற்றல் உத்தரவு வந்தால் ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்கள் நம்முடையவை. மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு மருத்துவமனைத் தாள்களில் இருக்கிறதா என்று வீடு திரும்பும் நாளிலேயே பாருங்கள். இருந்தால், ஓய்வூதியப் புத்தகம் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.