கரும்புகையைக் குறைக்கும் செங்கல் அடுக்கு

வீடு கட்டச் செங்கல் வேண்டும். பள்ளிக்கூடம் கட்டவும் வேண்டும். உலகில் செங்கல் அதிகம் செய்யும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்தது நம் இந்தியா. பஞ்சாப் முதல் மேற்கு வங்காளம் வரை வடநாட்டுச் சமவெளியில் ஆயிரக்கணக்கான சூளைகள் இருக்கின்றன. வயல்களுக்கு நடுவே அவற்றின் புகைபோக்கிகள் உயரமாக நிற்கும். மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கும். அடுத்த மழை வரும்வரை தீ அணையாது.

இந்தச் சூளைகளில் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது. அதிலிருந்து வரும் கரும்புகை அக்கம்பக்கத்து ஊர்களில் படிகிறது. புகையில் உள்ள நுண்ணிய தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன. மரங்களும் தப்புவதில்லை. சூளைப் புகை பட்டால் மாங்காயின் நுனி கறுத்துப் போகும். உத்தரப் பிரதேசத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இது பழைய தொல்லை.

புகை ஏன் கறுப்பாக வருகிறது? நம் வீட்டு அடுப்பைப் பாருங்கள். விறகை ஒரேயடியாகத் திணித்தால் புகையும். ஒவ்வொன்றாகத் தள்ளி, காற்றுப் போக இடம் விட்டால் நன்றாக எரியும். சூளையும் அப்படித்தான். கரும்புகை என்பது சரியாக எரியாத கரி. முதலாளி காசு கொடுத்து வாங்கிய கரிதான் அப்படிப் புகையாகப் போகிறது!

வடநாட்டுச் சூளை பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். வில்லியம் புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1876இல் இந்த முறையைக் கொண்டுவந்தார். இதில் கல் நகராது, தீதான் நகரும். பச்சைக்கல்லை வட்டம் முழுவதும் அடுக்கி வைப்பார்கள். தீ ஒரு பகுதியைச் சுட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போகும். வெளிக்காற்று வெந்த கல்லின் வழியே நுழைந்து, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு தீயிடம் வரும். தீயைத் தாண்டிய சூடான புகை, பச்சைக்கல்லைக் காய வைத்துவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். நல்ல யோசனைதான். ஆனால் பழைய முறையில் கல்லை நேர் வரிசையாக அடுக்கினார்கள். காற்று நேராக ஓடிவிடும். கரியோடு கலக்க அதற்கு நேரமில்லை. கரி போடுகிறவர்களும் அரை மணிக்கு ஒரு முறை வந்து மண்வெட்டியால் நிறையக் கொட்டிவிட்டுப் போவார்கள். கொட்டியவுடன் கரும்புகை எழும்பும்.

புகையைக் குறைக்க முதலில் புகைபோக்கியைத்தான் மாற்றினார்கள். முன்பு தீயோடு நகர்த்தும் இரும்புப் புகைபோக்கி இருந்தது. அதைக் கைவிட வேண்டும் என்று மத்திய அரசு 1996இல் விதி செய்தது. அதன் இடத்தில் உயரமான நிலையான புகைபோக்கி வந்தது. பக்கத்தில் விழுந்த புகை தூரத்தில் போய் விழுந்தது.

அடுத்து வந்ததுதான் 'ஜிக்-ஜாக்' முறை. இதில் பச்சைக்கல்லை வளைந்து வளைந்து வழி விடுமாறு அடுக்குகிறார்கள். காற்று இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் போகிறது. அதனால் கரியோடு நன்றாகக் கலக்கிறது. சூடும் எல்லாக் கல்லுக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேருகிறது. கரியை நன்றாக உடைத்து, சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர், இடைவிடாமல் போட வேண்டும். மேலே சாம்பலைக் கனமாகப் பரப்பிச் சூட்டைக் காக்கிறார்கள். சுவர் ஓட்டைகளைச் சேறு பூசி அடைக்கிறார்கள்.

இப்படிச் செய்தால் நிலக்கரிச் செலவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 100 மூட்டை எரித்த இடத்தில் 80 மூட்டை போதும். புகைத்தூள் பாதிக்கும் கீழே குறையும். முதல் தரக் கல்லும் அதிகம் கிடைக்கும். பழைய சூளையையே இடித்துத் திருத்தி இப்படி மாற்றலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு மின்விசிறி வேண்டும். மற்றொன்று புகைபோக்கியின் இழுப்பிலேயே வேலை செய்யும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊருக்கு இரண்டாவதே நல்லது.

தொழிற்சாலை மாசைக் குறைக்க 'கிடைக்கக்கூடிய சிறந்த நுட்பம்' வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உலகிலேயே விலை உயர்ந்த இயந்திரம் என்று இதற்குப் பொருள் இல்லை. மாசை நன்றாகக் குறைக்க வேண்டும், தொழிலுக்கும் கட்டுப்படியாக வேண்டும். அதுதான் கணக்கு. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு சூளைகளுக்குப் புதிய விதி கொண்டுவந்தது. ஜிக்-ஜாக் முறைக்கோ, நேர்குத்துச் சூளை முறைக்கோ மாற வேண்டும், அல்லது குழாய் வழி வரும் எரிவாயுவை எரிக்க வேண்டும் என்றது. காற்று கெட்டுப்போன நகரங்களின் அருகில் உள்ள சூளைகளுக்கு ஓராண்டும், மற்றவற்றுக்கு இரண்டாண்டும் காலம் கொடுத்தது.

ஆனால் சூளையை மாற்றினால் மட்டும் போதாது. வங்காளதேசத்தில் பல சூளைகள் முன்பே ஜிக்-ஜாக் ஆகிவிட்டன. புகை மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அடுக்குவதும் கரி போடுவதும் சரியாக நடக்கவில்லை. 2022-23இல் ஆராய்ச்சியாளர்கள் அங்கே 276 சூளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிச் சூளைகளில் முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். புதிய இயந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. பயிற்சி பெற்ற சூளைகளில் 100க்கு 65 புதிய பழக்கத்துக்கு மாறின. மாறிய சூளைகளில் எரிபொருள் 100க்கு 23 பங்கு குறைந்தது.

ஆகவே நுட்பம் தொழிலாளியின் கையில் இருக்கிறது. நம் நாட்டில் பல மாநிலச் சூளைகளிலும் தீ போடுகிறவர்கள் உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கர் பகுதிக்காரர்கள். தந்தையிடம் மகன் கற்ற தொழில் இது. சூடான சூளையின் மேல் மரக்கட்டைச் செருப்போடு நின்று வேலை செய்கிறார்கள். கரண்டியால் ஓயாமல் போடுவது மண்வெட்டியால் கொட்டுவதைவிட அதிக வேலை. மிச்சமாகும் கரிக்காசில் இவர்களுக்கும் பங்கு தருவதே நியாயம்.

புதிய முறையிலும் தீ மூட்டிய முதல் சில நாட்களில் கரும்புகை வரும். சூளை சூடேறிய பிறகு புகை வெளுத்து மெல்லியதாக வேண்டும். அதன் பிறகும் கறுப்பாகவே வந்தால் அடுக்கிலோ கரி போடுவதிலோ பிழை இருக்கிறது. ஊர் மக்கள் முதலில் சூளைக்காரரிடம் பேசலாம். கேட்காவிட்டால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு மனு எழுதலாம். சூளை இருக்கும் இடம், கரும்புகை வந்த நாள், நேரம் ஆகியவற்றை மனுவில் எழுத வேண்டும். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.