அஞ்சுதெங்குக்கு வந்த 'அலபாமா'

சுசீந்திரத்திலிருந்து திருவனந்தபுரம் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் அஞ்சுதெங்கு. ஆங்கிலேயக் கம்பெனியின் பழைய கோட்டை இருக்கும் அந்தக் கரையில் 1864 ஜனவரி நடுவில் ஒரு போர்க்கப்பல் வந்து நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விட மனமில்லாமல் பிரிந்த தென் மாநிலங்களின் 'அலபாமா' அது. சிங்கப்பூரிலிருந்து இலங்கையைச் சுற்றிக் குமரிக் கடல் வழியே வந்து, மலபார் கரைக்கு அப்பால் 'எம்மா ஜேன்' என்ற வணிகக் கப்பலைப் பிடித்துக் கொளுத்தியிருந்தது. அதிலிருந்தவர்களை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டு ஆப்பிரிக்கா பக்கம் போய்விட்டது. யாருடைய சண்டையோ, திருவிதாங்கூர் கரை வரை வந்து போயிருக்கிறது.

அதே ஆண்டு ஜூன் 19 அன்று, பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே, வட மாநிலங்களின் 'கியர்சார்ஜ்' அதைச் சுட்டு மூழ்கடித்தது.

1984இல் பிரெஞ்சுக் கடற்படையின் கண்ணிவெடி தேடும் கப்பலான 'சிர்சே', சுமார் 60 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தது. உடனே எழுந்த கேள்வி, இது யாருக்குச் சொந்தம்? கட்டியது இங்கிலாந்தின் பிர்கன்ஹெட். கிடப்பது பிரெஞ்சுக் கடலில். கொடி பறக்கவிட்ட அரசோ இப்போது உலகத்திலேயே இல்லை. தோற்ற அரசின் சொத்துக்குத் தானே வாரிசு என்றது அமெரிக்கா. போர்க்கப்பல் மூழ்கிவிட்டால் ஆளற்ற பொருளாகிவிடாது என்பதே அதன் வாதம். 1989இல் அமெரிக்காவும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. கப்பலைக் காப்பதும் ஆராய்வதும் கூட்டுப் பொறுப்பாயிற்று.

2002இல் கப்பல் மணி மேலே வந்தது. பீரங்கிகள், சுக்கான் சக்கரத்தின் பகுதி, பீங்கான் கழிப்பறைக் கோப்பை என்று வேறு பலவும் வந்தன. ஒரு பீரங்கியில் ஒட்டியிருந்த மனிதத் தாடை எலும்பை 2007இல் அலபாமா மாநிலத்தின் மொபில் நகரில் அடக்கம் செய்தார்கள்.

முழுக்கப்பலையும் தூக்கிவிடலாமே என்று தோன்றும். நூறு வருடத்துக்கு மேல் உப்பில் ஊறிய இரும்பு காற்றுப் பட்டதும் வெடித்து உதிரத் தொடங்கும். உப்பை இறக்க வருடக்கணக்கில் தொட்டியில் ஊறப்போட வேண்டும். இது போன்ற காரணங்களால்தான் கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதல் வழியாக யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை சொல்கிறது. குறைந்தது நூறாண்டு நீருக்கடியில் இருந்த, பண்பாட்டு வரலாற்றுத் தன்மையுள்ள மனிதத் தடயங்கள் அதன்படி மரபுச் சின்னம்.

பிரான்ஸ் அதில் சேர்ந்துவிட்டது. அமெரிக்கா சேரவில்லை, மூழ்கிய போர்க்கலங்களுக்கென்று 2004இல் சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டது. இந்தியாவும் சேரவில்லை, தனிச் சட்டமும் இல்லை. நிலத்துக் கோயில்களையும் சிலைகளையும் மனத்தில் வைத்து எழுதிய 1958, 1972ஆம் ஆண்டுச் சட்டங்களைக் கொண்டே கடலடியையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பூம்புகாருக்கு வெளியே, 1791, 1792 என்று பொறித்த ஈயக் கட்டிகளோடு கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்ட கப்பலுக்கும் அதே ஏற்பாடுதான்.