வெடிக்காத தட்டை... வீட்டிலேயே மொறுமொறுன்னு சுடலாம்!

திருத்தணியில் 'தட்டை'. பக்கத்திலிருக்கும் நகரிக்குப் போனால் அதுவே 'செக்கலு'. கர்நாடகம் போய்விட்டால் 'நிப்பட்டு'. பெயர்தான் மாறுகிறது, கடித்தால் வரும் 'மொறுக்' சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1953-ல் ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தது. கோடு மாறினாலும் அடுப்படி மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து 365 படி ஏறும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். பலகாரத்திலும் அப்படித்தான்.

நம் பக்கத் தட்டையில் அரிசி மாவோடு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம் சேரும். ஆந்திரச் செக்கலுவில் பெரும்பாலும் அரிசி மாவும் ஊறவைத்த பருப்பும்தான். காரத்துக்குப் பச்சை மிளகாய், இஞ்சி விழுது. வாசனையில் செக்கலுதான் ஒரு படி மேல். ஆனால், விழுதில் ஈரம் இருப்பதால் சீக்கிரம் நமுத்துவிடும். டப்பாவில் போட்டு இரண்டு வாரம் வைத்துச் சாப்பிட மிளகாய்த்தூள்தான் சரி.

இரண்டு கப் அரிசி மாவுக்கு உளுத்தம் மாவும் பொட்டுக்கடலை மாவும் தலா இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். எல்லாவற்றையும் சலித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் எள், பெருங்காயத்தூள், உப்பு, கிள்ளிய கறிவேப்பிலை சேருங்கள். அரை மணி நேரம் ஊறிய இரண்டு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பை வடித்து, துணியில் ஒற்றியெடுத்துப் போடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் விட்டு, மாவைக் கையில் பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிரும் பதத்துக்குப் பிசறுங்கள். வெண்ணெய் குறைந்தால் தட்டை கல்லாகும். கூடினால் எண்ணெயில் போட்டதும் கரைந்து போகும். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்து கெட்டியாகப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய ஷீட்டில் சிறு உருண்டைகளை வைத்து மெல்லிசாகத் தட்டி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிடுங்கள்.

இந்தக் குத்தலை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து! மாவுக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. மேல்பாகம் அதற்குள் இறுகியிருந்தால் ஆவிக்கு வழியில்லை. பட்டென்று வெடித்து, கொதிக்கும் எண்ணெயை முகத்தில் தெறிக்கும். சீடை வெடிப்பதும் இதனால்தான். உருண்டை என்பதால் அதற்கு இன்னும் வேகம் அதிகம். சலிக்காத மாவில் இருக்கும் கட்டி, ஈரம் ஒற்றாத பருப்பு, குத்தாத தட்டை மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். ஒரு துளி மாவைப் போட்டால், அது உடனே கருகாமல் நிதானமாக மேலே எழும்ப வேண்டும். அதுதான் சரியான சூடு. மிதமான தீயில், நான்கைந்தாக ஓரத்திலிருந்து நழுவவிடுங்கள். தட்டையைச் சுற்றி வரும் சலசலப்பு அடங்கினால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது எடுத்துவிடலாம். நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கசந்துவிடும். குழந்தைகள் அடுப்படிப் பக்கமே வர வேண்டாம்.

அப்படியும் எண்ணெய் பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. கண்ணில் பட்டாலோ, கொப்புளம் பெரிதாக இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். வாணலியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள்.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது? திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் 'போலார் காம்பவுண்ட்' எனும் கழிவுப் பொருள்கள் பெருகுகின்றன. அது 25 சதவிகிதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அளக்கக் கருவி ஏது? நிறம் கறுத்து, பிசுபிசுத்து, அடுப்பில் வைத்ததுமே புகைந்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். நல்ல நிறத்தில் இருந்தால் வடிகட்டி, இரண்டு மூன்று நாளைக்குள் தாளிக்கப் பயன்படுத்தலாம்.

தட்டை முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால், மறுநாளே நமுத்துப்போய் வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள்.