கம்பி அறுந்தாலும் கல்லா நிற்கக் கூடாது

கடை ரவுட்டரில் மாற்று இணைப்பு அமைப்பது எப்படி?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிக் கடை வைத்திருக்கும் வணிகர்களுக்குப் பௌர்ணமி முக்கியமான நாள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்தச் சாலையும் அடக்கம். கூட்டம் நெரியும்போது செல்போனில் சிக்னல் காட்டும். ஆனால் பணம் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் பொருளை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பள்ளம் தோண்டுவோர் கேபிளை அறுத்தாலும் இதே கதிதான். இதற்குப் பரிகாரம் புதிதல்ல. டயல்-அப் காலத்திலேயே உண்டு.

பழைய தொலைபேசி தந்த பாடம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் கிடைத்தது. உள்ளூர் எண் இல்லாத ஊர்க்காரர்கள் எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைய வேண்டும். மோடத்தின் உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட். ஒரு மெகாபைட் வந்து சேரச் சுமார் இரண்டரை நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் மீட்டர் ஓடும்.

ஆகவே கிளைகள் உள்ள நிறுவனங்கள் ரவுட்டரில் நான்கு விஷயங்களைக் குறித்து வைத்தன: எந்த எண்ணை அழைப்பது, எந்தப் பெயர் – கடவுச்சொல் சொல்வது, எந்த வேலைக்காக மட்டும் அழைப்பது, எத்தனை நேரம் வேலையில்லாவிட்டால் துண்டிப்பது. கடைசி இரண்டையும் சரியாக எழுதாவிட்டால், கம்ப்யூட்டர் அனுப்பும் சிறு சிறு தகவலுக்கெல்லாம் ரவுட்டர் இரவு முழுவதும் டயல் செய்யும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும்.

இன்று செய்ய வேண்டியவை

1. பல பிராட்பேண்ட், ஃபைபர் இணைப்புகளில் ரவுட்டர் இன்றும் பெயர், கடவுச்சொல் கொடுத்துத்தான் உள்ளே நுழைகிறது. பி.பி.பி.ஓ.இ. எனப்படும் இம்முறை, டயல்-அப் வழக்கத்தின் வாரிசு. இவ்விரண்டும் இணைப்புப் போட வந்தவரிடம் மட்டும் இருந்தால் போதாது. முதலாளியின் நோட்டிலும் இருக்க வேண்டும்.

2. மாற்று வழியாக சிம் அல்லது டாங்கிள் பொருத்தும் வசதியுள்ள ரவுட்டரை வாங்குங்கள். சிம், கேபிள் தந்த நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டாம். கூட்ட நாளில் செல்போன் அலைவரிசை நெரியும் என்பதால், முதல் வழி கேபிளாகவும் இரண்டாவது வழி சிம்மாகவும் இருக்கட்டும்.

3. சிம்மில் ஓடும்போது பில்லிங்கும் பணப் பரிமாற்றமும் மட்டும் போதும். கேமரா பதிவு, விண்டோஸ் அப்டேட் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

4. வீட்டிலிருந்து கடைக் கணக்கைப் பார்க்க விரும்புவோர் கவனிக்க: அன்று வெளியிலிருந்து அழைப்பு வந்தால், ரவுட்டர் அதைத் துண்டித்துவிட்டுப் பதிவு செய்த எண்ணுக்குத் தானே திருப்பி அழைக்கும்படி வைக்கலாம். திருடன் கடவுச்சொல் அறிந்திருந்தாலும் பயனில்லை. இன்று அந்த வேலையை வி.பி.என். செய்கிறது. அது இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்துவிடுவது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ், விண்டோஸ் கோப்புப் பகிர்வு வழியாக நுழைந்து, உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதை மறக்கலாகாது.

5. ரவுட்டருடன் வந்த "அட்மின்" கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். கடைக்கு வருவோருக்கு வைஃபை தருவதானால் தனிப் பெயரில் தாருங்கள். பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் வலையில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

6. சிம் இணைப்புகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடைப்பதில்லை. எனவே மாற்று வழியில் ஓடும்போது வெளியிலிருந்து கடைக்குள் நுழைய முடியாமல் போகலாம். இதை முன்கூட்டியே சேவை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்க.

சோதனை அவசியம்

அமைத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, கூட்டமில்லாத நேரத்தில் கேபிளைக் கழற்றுங்கள். ஒரு ரூபாய் பரிமாற்றம் செய்து பாருங்கள்; ஒரு பில் போட்டுப் பாருங்கள். மீண்டும் கேபிளைச் செருகியதும் ரவுட்டர் பழைய வழிக்குத் திரும்புகிறதா என்றும் கவனியுங்கள். திரும்பாவிட்டால் சிம் டேட்டாதான் கரையும்.

கல்லாவுக்கு மாற்றுச் சாவி வைத்திருக்கும் நாம், கணக்குக்கும் இணைப்புக்கும் ஒரு மாற்று வழி வைத்துக்கொள்வது செலவல்ல, வியாபாரத்துக்குக் காப்பு.