கொலை ஒன்று, பின்னல் மூன்று

எந்தத் தமிழ்ப் படத்தின் டைட்டில் கார்டையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். 'கதை' என்று ஒரு பெயர் வரும். 'திரைக்கதை' என்று இன்னொரு பெயர் வரும். சில படங்களில் இரண்டுக்கும் ஒரே ஆள். சில படங்களில் அந்த இரண்டு பேருக்கும் நடுவே கோர்ட் வாசல்! சீட் நம்பர் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நடக்கிற மொத்தக் கூத்தும் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

டிஸ்கஷன் ரூமுக்குள் நம்மை யார் விடப்போகிறார்கள்? பரவாயில்லை, எட்டிப் பார்க்க ஒரு சாவித்துவாரம் இருக்கிறது. அதுவும் நம் காவிரிக் கரையில்! ஒரே ஒரு கொலை. ஆயிரம் வருஷத்தில் அதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கல்லில் வெட்டினார், ஒருவர் வாரப் பத்திரிகையில் எழுதினார், ஒருவர் படமாக எடுத்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள், எதை முந்தானைக்குள் ஒளித்தார்கள் என்று எல்லாமே தெரிந்துவிடும். வாருங்கள், சத்தம் போடாமல்!

'அப்புறம்' கட்சியும் 'அதனால்' கட்சியும்

1927-ல் இங்கிலாந்து நாவலாசிரியர் இ.எம்.ஃபார்ஸ்டர் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தி நாவல்' என்ற நூலில் இந்த விவகாரத்தை ஒரு ராஜா, ஒரு ராணி, இரண்டு சாவு என்று சுருக்கமாக விளக்கிவிட்டார். சாவுகளை வரிசையாக மட்டும் சொன்னால் அது கதை. முதல் சாவினால்தான் இரண்டாவது சாவு என்று காரணத்தைக் கட்டிச் சொன்னால் அது பின்னல். கேட்பவர் "அப்புறம்?" என்றால் கதை ஓடுகிறது. "ஏன்?" என்றால் பின்னல் வேலை செய்கிறது.

ஃபார்ஸ்டர் கற்பனையாகச் சொன்ன இந்த உதாரணம் சோழ நாட்டில் நிஜமாகவே நடந்திருக்கிறது! சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் கண்ணை மூடுகிறார். ராணி வானவன் மாதேவி உடன்கட்டை ஏறுகிறாள், திருக்கோவலூர்க் கல்வெட்டு சாட்சி. இளவரசர், ராஜா, ராணி என்று மூன்று சாவு. ராணியின் முடிவுக்குக் காரணம் கல்லிலேயே இருக்கிறது. மகன் போன துக்கத்தில்தான் அப்பா போனார் என்பது வரலாற்றாசிரியர்களின் ஊகம். முதல் கொலை எதற்காக? அங்கேதான் பெரிய ஓட்டை. எழுதுகிறவனுக்கு ஓட்டை கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி!

திரைக்கதைக்காரர்கள் ஃபார்ஸ்டரோடு நின்றுவிடுவதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிகிறது. அதை யாருக்கு, எப்போது தெரியவிடுவது என்பதுதான் மீதி. இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறக்கிற தண்ணீர் ஒன்றுதான். கல்லணைக்கு வந்ததும் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, புதாற்றுக்கு எவ்வளவு, தட்டுப்பாடு வந்தால் எந்த வாய்க்காலுக்கு எந்த முறை என்று பிரித்துவிடுவதில்தான் சூட்சுமம். தலைமடையிலேயே எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்துவிடும். முதல் ரீலிலேயே எல்லா ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டு கிளைமாக்ஸில் கையைப் பிசைகிற படங்களை நாமும் பார்த்திருக்கிறோமே!

முதல் பின்னல்: கல்லில்

காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில். வீராணம் ஏரிக்குப் பக்கத்து ஊர். வரலாற்று நூல்கள் 'உடையார்குடிக் கல்வெட்டு' என்று சொல்வது இங்கேதான் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களின் பெயரைப் பச்சையாகச் சொல்கிறது. அவர்களுடைய சொத்தையும் உறவினர்களுடைய சொத்தையும் என்ன செய்வது என்பது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசர் அனுப்பிய ஆணை அது.

இப்போது திரைக்கதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். கொலை எப்படி நடந்தது? இல்லை. எதற்காக? இல்லை. யார் தூண்டினார்கள்? மூச்! அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டவர் வரலாற்றாசிரியர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்தவர்களும் உண்டு. கல்வெட்டுக்கு அந்தச் சண்டையெல்லாம் தேவையே இல்லை. அது கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: இவர்களுடைய நிலம் இனி யாருக்கு? பக்கா தஞ்சாவூர்க் கேள்வி! கேள்வி அதுவாக இருப்பதால் கொலை முன்கதையாகச் சுருங்கிவிடுகிறது, நிலம் ஹீரோ ஆகிவிடுகிறது. எந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்கிறோமோ அதுதான் பின்னலைத் தீர்மானிக்கிறது. இந்த ரகசியத்தை மட்டும் மடியில் முடிந்துகொள்ளுங்கள், மேலே போவோம்.

இரண்டாம் பின்னல்: வாரா வாரம்

அடுத்த கை, டெல்டாவிலேயே பிறந்த கை! மயிலாடுதுறைப் பக்கம் புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த ரா.கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி. சினிமாவின் பின்வாசல் அவருக்கு நன்றாகவே தெரியும். பாபநாசத்துக்காரரான கே.சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி' (1939) கல்கியின் கதை. அது ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் ஸ்டில்களையே அச்சிட்டார்கள்! எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வுக்கும் (1945) கல்கிதான் வசனம்.

அப்படிப்பட்டவர் 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடரைத் தொடங்கும்போது என்ன செய்கிறார்? கொலையிலிருந்தா ஆரம்பிக்கிறார்? மாட்டாரே! ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல் ஓர் இளைஞன். வந்தியத்தேவன்!

இந்த ஆளை எங்கே பிடித்தார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையைச் சொல்கிற இடத்தில், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று வருகிறது. அக்கா வீட்டுக்காரர், அவ்வளவுதான்! கணவர் என்று போகிறபோக்கில் வந்த ஒரு பெயரைத் தூக்கி ஐந்து பாக நாவலின் ஹீரோ ஆக்கிவிட்டார் கல்கி. அதில் பயங்கரமான தொழில்நுட்பம் இருக்கிறது. வந்தியத்தேவன் வெளியூர்க்காரன். கையில் ஓலை இருக்கிறது, தலையில் விவரம் இல்லை. அவனுக்கு எது தெரிகிறதோ அதுவே நமக்கும் தெரியும். கடம்பூர் மாளிகையில் அவன் சதிக் கூட்டத்தை ஒட்டுக் கேட்கும்போது நாமும் அவனோடு சேர்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறோம். அரண்மனை ஆள் ஒருவரைக் கதைக்கு நடுவில் வைத்திருந்தால் முதல் வாரத்திலேயே பாதி ரகசியம் காலி!

அடுத்த கில்லாடித்தனம்: தலைப்பே பொன்னியின் செல்வன். ஆனால் அந்தச் செல்வர் அருள்மொழிவர்மர், அதாவது பின்னாளைய ராஜராஜன், நேரில் தரிசனம் தருவது இரண்டாம் பாகத்தில்தான், இலங்கையில். அதுவரை எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிப் பேசியே நம்மை ஏங்க வைக்கிறார்கள். ஹீரோ என்ட்ரிக்கு இப்படி ஒரு பில்டப் வைக்க எந்தப் புரொடியூசர் ஒத்துக்கொள்வார்?

கல்வெட்டில் இருந்த ஓட்டையை என்ன செய்தார்? அதில் கரிகாலனின் பழைய காதலியாக நந்தினியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். வரலாற்றில் அப்படி ஒருத்தி கிடையாது. முழுக்க முழுக்கக் கல்கியின் சரக்கு. 'ஏன்?' என்ற கேள்விக்கு அவள்தான் பதில். பதிலையும் சட்டென்று கொடுத்துவிடவில்லை, ஒரு வாரம் ஒரு துளி, இன்னொரு வாரம் இன்னொரு துளி. கடைசியில் கடம்பூரில் கொலை நடக்கும் இரவில் இருட்டு அறை, பல பேர், பல நோக்கம்! பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. 'கொன்றது நான்தான்' என்று சொல்லிக்கொள்ளவும் ஒருவருக்கு மேல் வருகிறார்கள். ஆக, கல்கி பிடித்துக்கொண்ட கேள்வி: கொன்றது யார்? வாரா வாரம் கடையில் பத்திரிகைக்குக் காத்து நிற்கிற வாசகருக்கு அதைவிட நல்ல தூண்டில் ஏது? ஆடியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிகிற சம்பவங்கள் 1954 வரை ஓடின. முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று துளைத்ததில் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று!

மூன்றாம் பின்னல்: ஐந்தரை மணி நேரம்

இந்தக் கதையைப் படமாக்க ஆசைப்பட்டவர்கள் கொஞ்சமா? 1950-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினார். திரைக்கதை எழுத அவர் அமர்த்திய இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரன்! படம் நடக்கவில்லை. 1999-ல் மேஜிக் லான்டர்ன் குழு மேடையில் ஏற்றியது. நாடகமாக்கியவர் குமரவேல். அதே குமரவேல், ஜெயமோகன், மணிரத்னம் என்று மூன்று பேர் சேர்ந்து எழுதியதுதான் 30 செப்டம்பர் 2022-லும் 28 ஏப்ரல் 2023-லும் வந்த இரண்டு படங்கள்.

சோழ நாட்டுக் கதைக்குக் கேமரா போனது தாய்லாந்துக்கும் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவுக்கும் மகேஷ்வருக்கும்! நல்லவேளை, கேமராவைப் பிடித்த ரவி வர்மன் தஞ்சை மாவட்டத்துக்காரர்.

இனிமேல்தான் வேடிக்கை. முதல் காட்சியே மாறிவிட்டது! நாவல் ஏரிக்கரையில் தனி ஆளாக வந்தியத்தேவனைக் காட்டுகிறது. படம் போர்க்களத்தில் ஆதித்த கரிகாலனோடு திறக்கிறது. வந்தியத்தேவன் அங்கேதான் அறிமுகம். குதிரையும் ஏரியும் அதற்குப் பிறகுதான். இரண்டாம் படம் திறப்பதோ சிறு வயதுக் கரிகாலன், நந்தினி காதலோடு. நாவலில் வாய்வார்த்தையாகத் துண்டு துண்டாக வந்தது இங்கே கண்ணெதிரே முழுசாக வந்துவிடுகிறது. கல்கி பொத்திப் பொத்தி வைத்திருந்த 'ஏன்' நமக்கு முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது.

அவசரப்பட்டுவிட்டார்களா? இல்லை, கேள்வியை மாற்றிவிட்டார்கள்! கொன்றது யார் என்று படம் கேட்கவே இல்லை. கரிகாலனும் நந்தினியும் ஓர் அறைக்குள் மறுபடி சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் படத்தின் கேள்வி. அந்தக் கேள்விக்கு அறையில் கூட்டம் ஆகாது. வந்தியத்தேவனை விரும்பிய மணிமேகலையைப் படத்தில் தேடிப் பாருங்கள், ஆளே கிடையாது! குட்டிக் கதாபாத்திரம் இல்லை அவள், நாவலில் கொலைப் பழியையே தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளத் துணிந்தவள். 'யார்?' என்ற கேள்வி போனதும் அவளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பாவம்!

வந்தியத்தேவனின் நண்பன் சேந்தன் அமுதனுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. நாவலில் அவன்தான் உண்மையான மதுராந்தகன், அதாவது உத்தம சோழன், குழந்தை மாறிப்போன ரகசியம் கடைசியில் உடையும். படத்தில் அவன் உண்டு, ஆள்மாறாட்டம் இல்லை. அந்தப் பூட்டைக் கழற்றியதும் அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனே மனம் மாறவேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. ஒரு நூலை உருவினால் வேறொரு இடத்தில் முடிச்சு விழும். திரைக்கதை எழுதுகிறவர்கள் ராத்திரி தூங்காததற்குக் காரணம் இதுதான்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் மணிரத்னம் அப்படியே கல்கியின் வாரிசு. முதல் படம் எங்கே முடிகிறது? கடலில் கப்பல் மூழ்குகிறது, அருள்மொழியும் வந்தியத்தேவனும் பிழைத்தார்களா தெரியாது, தண்ணீருக்குள் நந்தினி முகத்தோடு ஒரு பெண் வருகிறாள், படம் ஓவர்! கல்கி வாசகரை ஏழு நாள் தவிக்கவிட்டார். இவர் ஏழு மாதம்!

கதை தெரிந்தவர்கள் முன்வரிசையில்

"கதைதான் எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் எதைப் பார்க்கப் போனார்கள்?" என்று கேட்பவரைத் தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூருக்கு அனுப்பிவையுங்கள். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் போடுவார்கள். தூண் பிளக்கும், நரசிம்மர் வருவார் என்று மடியில் இருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் நடுராத்திரி தாண்டி உட்கார்ந்திருப்பார்கள். 'அப்புறம் என்ன?' என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் யாருக்குமே இல்லை. எப்படிக் கொண்டுவரப் போகிறார்கள், எவ்வளவு நேரம் இழுக்கப் போகிறார்கள் என்பதில்தான் உயிர். கதை ஊருக்குப் பொது. பின்னல்தான் ஆட்டக்காரன் சொத்து.

அப்படியென்றால் நாமும் ஒரு கை பார்க்கலாமே! இதோ என் ஒன்லைன். கரிகாலன் கொலைக்கும் உடையார்குடிக் கல்வெட்டுக்கும் நடுவே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்தக் காலமெல்லாம் கொலைகாரர்களும் அவர்களுடைய உறவினர்களும் எங்கே இருந்தார்கள்? யாருக்குத் தெரிந்திருந்தது? முதல் சீன்: சதுர்வேதிமங்கலத்துச் சபை கூடியிருக்கிறது, அரசர் ஓலை வந்து சேர்கிறது, வாசிக்கிறவர் குரல் பாதியில் நின்றுவிடுகிறது. கேள்வி 'யார்?' இல்லை, 'ஏன்?' இல்லை. இத்தனை வருஷம் இந்த ஊர் எதற்காக வாயைத் திறக்கவில்லை? இன்டர்வெல் பிளாக்கூட யோசித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் இங்கே சொல்வதாக இல்லை. அட்வான்ஸோடு வருகிற புரொடியூசருக்கு மட்டும்தான்!